டி.சி. எழுதுவதற்கு முன்: பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

குடிநோய் சிகிச்சை மையம் ஒன்றில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயது ஆண்கள். சேர்க்கும்போது நிரப்பும் படிவத்தில், முதன்முதலில் எப்போது குடித்தீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கும். "ஒம்பதாவது படிக்கிறப்ப", "பத்தாவது பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு", "ஊர்த் திருவிழாவுல சித்தப்பா ஊத்திக் கொடுத்தாரு" என்று பதில் வரும். கொஞ்சம் தள்ளி இன்னொரு கேள்வி: படிப்பு எப்போது நின்றது? இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் பல பேருக்கு அதிக இடைவெளி இருப்பதில்லை. தானாக நின்றவர்கள் உண்டு. "டி.சி. கொடுத்துட்டாங்க மேடம்" என்று சொல்கிறவர்களும் உண்டு. இந்தக் கடிதம் அவர்களைப் பற்றியது, இன்று அவர்கள் இருந்த இடத்தில் இருக்கும் மாணவர்களைப் பற்றியது.

சீருடையோடு மாணவர்கள் குடிக்கும் வீடியோ வாட்ஸ்அப்பில் பரவினால் ஒரு பள்ளிக்கு என்ன நெருக்கடி வரும் என்று எனக்குத் தெரியும். மேலதிகாரியிடமிருந்து போன் வரும், நிருபர்கள் வாசலில் நிற்பார்கள், மற்ற பெற்றோர்கள் "இவனை வெச்சிருந்தா எங்க பிள்ளைங்க கெட்டுப் போவாங்க" என்று வந்து நிற்பார்கள். அந்த அழுத்தத்தில் சீக்கிரமாக எடுக்க முடிகிற முடிவு ஒன்றுதான்: அந்தப் பையனை அனுப்பிவிடுவது. அப்போது தலைமை ஆசிரியர் அறையில் ஒரு வாக்கியம் சொல்லப்படும். பையனின் அப்பாவும் குடிக்கிறவர் என்றால் கட்டாயம் சொல்லப்படும். "அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு. ரத்தத்துல இருக்கறத நாம என்ன பண்ண முடியும்?"

அந்த வாக்கியத்தில் இரண்டு கருத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, குடிப்பழக்கம் ரத்தத்தில் வருகிறது. இரண்டு, அதனால் ஒன்றும் செய்ய முடியாது. முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது தவறு. இன்னும் சரியாகச் சொன்னால், முதலாவது எந்த அளவுக்கு உண்மையோ அந்த அளவுக்கு அந்தப் பையனைப் பள்ளியை விட்டு அனுப்பக்கூடாது. இதைத்தான் உங்களிடம் விளக்க விரும்புகிறேன்.

பாதி உண்மையை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1973-இல் டென்மார்க்கிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. குடிநோயாளிகளுக்குப் பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே வேறு குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்கள் வளர்ந்த பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். அவர்களில் 18 சதவீதம் பேர் குடிநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். அப்படிப்பட்ட பெற்றோருக்குப் பிறக்காத தத்துப்பிள்ளைகளில் அது 5 சதவீதம். பெற்ற அப்பா குடித்துவிட்டு வந்து கத்துவதை ஒருநாளும் பார்க்காத பிள்ளைகள் இவர்கள். ஆகவே மரபு வழியாக ஏதோ வருகிறது. பிற்பாடு உலகம் முழுக்க இரட்டையர்களையும் தத்துப்பிள்ளைகளையும் வைத்து நடந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2015-இல் கணக்கிட்டபோது, குடிநோயில் மரபின் பங்கு ஏறக்குறைய பாதி என்று வந்தது.

பாதி என்றால் என்ன? ஒரு மாணவனின் குடியில் பாதி அவன் அப்பாவிடமிருந்து வந்தது என்று அர்த்தமில்லை. ஆயிரக்கணக்கான மனிதர்களை ஒப்பிட்டுப் பார்த்தால், ஒருவர் குடிநோயாளி ஆகிறார், இன்னொருவர் ஆவதில்லை என்ற வேறுபாட்டில் பாதியை மரபு விளக்குகிறது. அவ்வளவுதான். தனி ஒருவனைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. அந்த டென்மார்க் ஆய்வையே திருப்பிப் பாருங்கள்: குடிநோயாளிக்குப் பிறந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் குடிநோய்க்கு ஆளாகவில்லை.

சரி, வருவது எது? பிராந்திக்கு என்று ஒரு மரபணு கிடையாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 17 வயது இரட்டையர்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். குடி, போதைப்பொருள், பள்ளியில் அடிதடி, விதிகளை மீறுவது, பொறுமையின்மை ஆகியவை தனித்தனி நோய்கள் போலத் தெரிந்தாலும் இவற்றுக்கு அடியில் பொதுவான ஒரு வேர் இருக்கிறது என்றும், அந்தப் பொது வேர்தான் பெருமளவு மரபு சார்ந்தது என்றும் அவர்கள் கண்டார்கள். சட்டென்று செயல்படும் குணம், காத்திருக்க முடியாமை, ஆபத்தில் ஒரு கிளுகிளுப்பு. இந்தச் சுபாவம்தான் வழிவழியாக வருகிறது. அது ஒருவனிடம் குடியாகவும், இன்னொருவனிடம் பைக் ரேஸாகவும், வேறொருவனிடம் கபடி ஆட்டத்தில் பயமே இல்லாத பாய்ச்சலாகவும் வெளிப்படலாம்.

நமக்குப் பக்கத்தில், பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையிலும் இதைப் பற்றிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. தந்தை குடிநோயாளியாக இருந்து, தாங்கள் இன்னும் ஒரு சொட்டும் குடித்திராத பிள்ளைகளை எடுத்துக்கொண்டு அவர்களுடைய மூளை அலைகளை அளந்தார்கள். கவனம் தொடர்பான ஓர் அலை அவர்களிடம் சராசரியாகச் சிறியதாக இருந்தது. துறுதுறுப்பும் அடங்காமையும் கூடுதலாக இருந்தன. குடிக்கத் தொடங்குவதற்கு முன்பே இருந்தன என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஆறாம் வகுப்பில் பெஞ்சில் உட்கார முடியாமல், பக்கத்துப் பையனைச் சீண்டிக்கொண்டே இருப்பவனைப் பார்க்கும்போது இது உங்கள் நினைவுக்கு வரவேண்டும். அவன் உங்களை அவமதிக்கிறான் என்பதற்கு முன்னால், அவனுக்கு அடங்குவது மற்றவர்களைவிடக் கடினமாக இருக்கிறது என்ற சாத்தியத்தை யோசிக்க வேண்டும்.

மரபு வழியாக வரும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நம் ஊரில் பெருமையாக நினைக்கிறார்கள். "எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா நிப்பான்" என்று பையன்கள் ஒருவனைக் கொண்டாடுவார்கள். அமெரிக்காவில் சான் டியேகோவில் மார்க் ஷுக்கிட் என்ற மனநல மருத்துவர் குடிநோயாளிகளின் மகன்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். இளம் வயதில் மதுவின் தாக்கம் யாரிடம் குறைவாகத் தெரிந்ததோ, அவர்கள்தான் பத்து ஆண்டுகள் கழித்து அதிகமாகக் குடிநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். போதும் என்று உடம்பு சொல்லும் எச்சரிக்கை அவர்களுக்குத் தாமதமாக வருகிறது. அதற்குள் நண்பனைவிட இரண்டு மடங்கு உள்ளே போயிருக்கும். தள்ளாடாமல் நிற்பவனுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று உங்கள் போதைப்பொருள் தடுப்பு மன்றத்தில் ஒருமுறை சொல்லுங்கள். நுரையீரல் படம், கல்லீரல் படம் காட்டுவதைவிட இது பையன்கள் காதில் ஏறும்.

ரத்தப் பரிசோதனை செய்து யாருக்கு வரும் என்று கண்டுபிடித்துவிடலாமே என்று ஒரு தனியார் பள்ளி நிர்வாகி என்னிடம் கேட்டார். முடியாது. 15 லட்சம் பேரின் தகவல்களை வைத்து 2021-இல் வெளியான ஆய்வு இந்த அடங்காமைச் சுபாவத்தோடு தொடர்புடைய 579 இடங்களை மரபணுத் தொகுப்பில் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிக மிகச் சிறியது. அதிலும் அந்தத் தகவல்கள் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. அதை வைத்து நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் தலையில் எதையும் எழுத முடியாது, எழுதவும் கூடாது.

இனி மற்ற பாதிக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை ஆசிரியர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது பின்லாந்து இரட்டையர் ஆய்வுகள். அந்த நாட்டில் மக்கள் தொகைப் பதிவேடு துல்லியமானது. 1975 முதல் 1979 வரை பிறந்த இரட்டையர்களைப் பதினாறு வயதிலிருந்தும், 1983 முதல் 1987 வரை பிறந்தவர்களைப் பதினொன்று, பன்னிரண்டு வயதிலிருந்தும் பின்தொடர்ந்து வருகிறார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஒன்றே. இரு கருவில் பிறந்த இரட்டையர் மற்ற அண்ணன் தம்பிகள் போலப் பாதியளவுதான் பகிர்ந்துகொள்கிறார்கள். வீடு, பள்ளி, தெரு எல்லாம் இரு வகையினருக்கும் பொது. குடிப்பழக்கத்தில் முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்று பார்த்தால் மரபின் பங்கைக் கணக்கிடலாம்.

அவர்கள் கண்ட முதல் விஷயம் வயது பற்றியது. பதினான்கு வயதில் ஒரு பிள்ளை குடித்திருக்கிறதா இல்லையா என்பதில் மரபின் பங்கு சொற்பம். வீடும் பள்ளியும் சுற்றுப்புறமும்தான் பெரும்பங்கு. பதினாறு வயதில் மரபின் பங்கு மூன்றில் ஒன்றாகிறது. பதினெட்டரை வயதில் அதே பிள்ளைகளிடம் ஏறக்குறைய பாதி. அதாவது எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பையன் முதல் பீரைக் கையில் எடுக்கிறான் என்றால் அது அப்பனின் ரத்தத்தைவிட அவன் நிற்கும் இடத்தைத்தான் அதிகம் காட்டுகிறது. அந்த வயதில்தான் அவன் உங்களிடம் இருக்கிறான்.

இரண்டாவது விஷயம் இடம் பற்றியது. கிராமங்களில் வளர்ந்த பிள்ளைகளிடம் பொதுச் சூழலின் செல்வாக்கு அதிகமாகவும், நகரங்களில் வளர்ந்தவர்களிடம் மரபின் செல்வாக்கு அதிகமாகவும் இருந்தது. ஏன் என்று தோண்டிப் பார்த்தார்கள். மது விற்பனை அதிகமாக இருக்கும் பகுதி, மக்கள் அடிக்கடி குடிவந்து குடிபெயரும் பகுதி, இளைஞர்களின் விகிதம் கூடுதலாக உள்ள பகுதி: இங்கெல்லாம் மரபின் பங்கு கூடியது. சில ஒப்பீடுகளில் வித்தியாசம் ஐந்து மடங்கு வரை போனது. ஒரே நாடு, ஒரே மக்கள். கடையும் கூட்டமும் மாறியதும் மரபணுவின் பலம் மாறிவிடுகிறது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதினான்கு வயதில் புகைபிடிப்பதை வைத்து, பெற்றோரின் கண்காணிப்பு எவ்வளவு என்று கேட்டுப் பார்த்தார்கள். பிள்ளை எங்கே போகிறான், யாரோடு இருக்கிறான் என்று வீட்டில் நன்றாகத் தெரிந்திருந்தால் மரபின் பங்கு 15 சதவீதத்துக்கும் கீழே. வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது என்றால் 60 சதவீதத்துக்கும் மேலே. கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கும் இடத்தில் மரபணுவுக்குப் பேச வாய்ப்பே கிடைப்பதில்லை.

இதே ஆய்வில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. இரட்டையர் ஒவ்வொருவருக்கும் அதே வகுப்பில் படிக்கும் இன்னொரு பிள்ளையையும் சேர்த்துப் பார்த்தார்கள். ரத்த சம்பந்தமே இல்லாத இந்த வகுப்புத் தோழர்களும் சிகரெட், குடி போன்றவற்றில் ஓரளவு ஒத்துப்போனார்கள். பள்ளியும் சுற்றுப்புறமும் தனியாக ஒரு செல்வாக்குச் செலுத்துகின்றன என்பதற்கு இது சாட்சி.

பின்லாந்து எங்கே, நம் ஊர் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த எண்களை இங்கே அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது. ஆனால் நம் மாநிலத்திலேயே இதற்கு ஓர் அத்தாட்சி எல்லோர் கண்முன்னும் இருக்கிறது, நாம் அதை அப்படிப் பார்ப்பதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மது அருந்துகிறார். பெண்களில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஒரே அப்பாவுக்குப் பிறந்த அண்ணனும் தங்கையும் அவரிடமிருந்து அதே அளவு மரபணுக்களைத்தான் பெறுகிறார்கள். ரத்தம் மட்டும்தான் காரணம் என்றால் தங்கைக்கு ஏன் அது வரவில்லை? அவள் சாயங்காலம் எங்கே போகிறாள் என்று வீடும் தெருவும் கேட்டுக்கொண்டே இருப்பதும், அவள் குடிப்பதை யாரும் நினைத்துப்பார்க்க முடியாததும்தான். பெண் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்து வைப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தப் பிள்ளைகளின் கஷ்டம் வேறு விதமாக வெளியே வரும்: பேசாமல் போவது, காரணமில்லாமல் மயங்கி விழுவது, அடிக்கடி லீவு. அதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆனால் சூழல் நினைத்தால் எவ்வளவு தூரம் தடுக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை.

காலத்தை வைத்தும் பார்க்கலாம். வடக்கு கோவாவில் குடிக்கும் ஆண்களிடம் எந்த வயதில் தொடங்கினீர்கள் என்று கேட்டு 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. 1956 முதல் 1960 வரை பிறந்தவர்களில் பதின்ம வயதில் தொடங்கியவர்கள் ஐந்தில் ஒருவர். 1981 முதல் 1985 வரை பிறந்தவர்களில் நான்கில் மூவர். இருபத்தைந்து வருடத்தில் ஒரு ஊரின் மரபணுக்கள் மாறிவிடாது. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. ஐஸ்லாந்தில் 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்தில் போதையேறக் குடித்ததாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5 சதவீதம். பள்ளி முடிந்த பிறகு விளையாட்டும் இசையும், இரவில் பிள்ளைகள் வெளியே சுற்றுவதற்குக் கட்டுப்பாடு, பெற்றோர்கள் ஒருவரோடொருவர் பேசிவைத்துக்கொள்வது என்று செய்தார்கள்.

இப்போது அந்த டி.சி.க்கு வருகிறேன். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பள்ளியை விட்டு அனுப்பப்பட்டால் மறுநாள் எங்கே போவான்? எனக்குத் தெரிந்தவர்கள் போன இடங்களைச் சொல்கிறேன்: பெயிண்டிங் காண்ட்ராக்ட், வெல்டிங் பட்டறை, கல்யாண மண்டபச் சமையல், லோடு வண்டி. கூட இருப்பவர்கள் எல்லோரும் அவனைவிட ஐந்து, பத்து வயது மூத்தவர்கள். சாயங்காலம் கையில் காசு. வேலை முடிந்ததும் உடம்பு வலிக்கு ஒரு கட்டிங் போடுவது அங்கே வழக்கம். எங்கே இருந்தாய் என்று கேட்க ஆள் இல்லை. பின்லாந்தில் மரபணுவின் பலத்தைக் கூட்டியதாகக் கண்டவை இவைதானே: பக்கத்தில் மது, சுற்றிலும் தன்னைவிடச் சற்று மூத்த இளைஞர்கள், கண்காணிப்பு இல்லாமை. "அப்பன் புத்தி" என்று சொல்லி அனுப்புகிற கையெழுத்துத்தான் அந்தப் புத்திக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. பின்னாளில் அவன் அப்பாவைப் போலவே ஆகும்போது, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று ஊர் சொல்லும்.

இன்னொன்றும் நடக்கிறது, மெதுவாக, யாரும் திட்டமிடாமல். அடங்காத பிள்ளை ஆசிரியரிடம் கோபத்தை வரவழைக்கிறது. கோபம் தண்டனையாகிறது. தண்டனை வாங்கியவன் கடைசி பெஞ்சுக்குப் போகிறான். கடைசி பெஞ்சில் ஏற்கெனவே இருப்பவர்களோடு சேர்கிறான். மரபாக வந்த சுபாவம் தனக்கு ஏற்ற சூழலைத் தானே வரவழைத்துக்கொள்ளும் என்று தத்துப்பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முரட்டுச் சுபாவம் கொண்ட பிள்ளைக்கு, வளர்ப்புப் பெற்றோரிடமிருந்தும் கடுமையான கண்டிப்பே அதிகம் கிடைக்கிறது. வகுப்பறையிலும் அப்படித்தான். அந்தச் சங்கிலியில் பெரியவர்கள் பக்கம்தான் நிறுத்த முடியும். பன்னிரண்டு வயதுப் பையனால் நிறுத்த முடியாது.

சட்டம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 17-ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. நாற்பது பேர் முன்னால் "குடிகாரன் மகன்" என்று சொல்வது அதற்குள் வரும் என்பது என் எண்ணம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் சட்டத்தின் இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கேதான் உங்கள் மனசாட்சியை நம்பி எழுதுகிறேன்.

உங்கள் தலையில் இன்னொரு வேலையைச் சுமத்துவதற்காக இதை எழுதவில்லை. எமிஸ் பதிவு, கணக்கெடுப்பு, தேர்தல் பணி, பயிற்சி என்று உங்களுக்கு இருக்கும் சுமை எனக்குத் தெரியும். சுமத்தினால் பலன் இருக்காது என்பதற்கு ஆதாரமே இருக்கிறது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர் நலனுக்கான ஒரு திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்கள் மூலமாகவும், சில பள்ளிகளில் அதற்கென்றே நியமித்த ஆலோசகர்கள் மூலமாகவும் நடத்தினார்கள். அந்த ஆலோசகர்கள் மனநலப் பட்டம் பெற்றவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். அவர்கள் இருந்த பள்ளிகளில் மாணவர்களின் மனச்சோர்வும் ஒருவரையொருவர் கொடுமைப்படுத்துவதும் அடிதடியும் குறைந்தன. ஆசிரியர்களே கூடுதலாகச் செய்த பள்ளிகளில் எந்த மாற்றமும் இல்லை. ஆசிரியர்கள் திறமையற்றவர்கள் என்று இதற்குப் பொருள் சொல்லக்கூடாது. அந்த வேலைக்கு முழு நேர ஆள் வேண்டும் என்பதுதான் பொருள்.

ஆகவே பள்ளிக் கல்வித்துறை அதிகாரிகளும் இதைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்: ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் ஓர் ஆலோசகர் வேண்டும். மாவட்டத்துக்கு ஒருவர், எப்போதாவது வந்து போகிற ஆலோசனை வேன் என்பதெல்லாம் போதாது. டாஸ்மாக் மூலம் 2023-24-இல் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதி, குடிக்கும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்காக அவர்கள் படிக்கும் பள்ளிக்குத் திரும்பி வரவேண்டும் என்று கேட்பது அதிகமில்லை.

ஆசிரியர்களால் ஒன்றும் முடியாது என்று சொல்லவில்லை. லண்டனில் பள்ளி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடத்திய ஒரு திட்டத்தின் முடிவுகள் 2013-இல் வந்தன. எல்லோரையும் கூட்டி வைத்துக் குடி கெடுதல் என்று பேசவில்லை. சட்டென்று செயல்படுபவர்கள், பரபரப்பைத் தேடுபவர்கள், பதற்றம் அதிகமுள்ளவர்கள், நம்பிக்கை இழந்தவர்கள் என்று நான்கு விதமான சுபாவங்களை ஒரு கேள்வித்தாள் மூலம் அடையாளம் கண்டார்கள். அவரவர் சுபாவத்தை எப்படிக் கையாள்வது என்று சின்னச் சின்னக் குழுக்களாக உட்காரவைத்து, ஒன்றரை மணி நேரம் வீதம் இரண்டே அமர்வுகள் பேசினார்கள். மதுவைப் பற்றி அதிகம் பேசவே இல்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர்களிடம் குடிப்பது குறைந்தது. அந்த அமர்வுகளுக்கு வராத மற்ற மாணவர்களிடமும் குறைந்தது. இவர்கள் குடிக்காததால் அவர்களுக்கும் அழைப்பு வருவது குறைந்திருக்கும். "இவனை வெச்சிருந்தா மத்தவங்க கெட்டுப்போவாங்க" என்று வந்து நிற்கும் பெற்றோரிடம் இதைச் சொல்லலாம்: அவனைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் மற்றவர்களுக்கும் நல்லது.

நடைமுறையில் நான் கேட்பது, பையன் மாட்டிக்கொண்ட அன்றைக்கு எதையும் முடிவு செய்யாதீர்கள். எல்லோருக்கும் கோபம் இருக்கும். வாசனை அடிக்கிற பிள்ளையை வீட்டுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். பெரியவர் ஒருவர் வந்து கூட்டிப்போகட்டும். தண்டனை கொடுக்க வேண்டும் என்றால் பள்ளிக்குள்ளேயே கொடுங்கள்: காலையில் சீக்கிரம் வரச்சொல்லலாம், மாலையில் விளையாட்டுச் சாமான்களுக்குப் பொறுப்பாக்கலாம், தினமும் ஓர் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லலாம். இவை எல்லாமே கண்காணிப்பு. அவனுக்கு அதுதான் மருந்து. யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். 21 வயதுக்குக் கீழே யாருக்கும் மது விற்கக்கூடாது. பதினெட்டு வயதாகாத பிள்ளைக்கு மது கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பையனைப் பிடித்து வைத்து விசாரிக்கும் நாம், அவன் கையில் பாட்டிலைக் கொடுத்த ஆளைத் தேடிப் போவதே இல்லை.

அம்மாவைக் கூப்பிடும்போது அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். குடிக்கும் கணவனோடு வாழ்கிறவர் பள்ளிக்கூட வாசலில் கூனிக்குறுகித்தான் நிற்பார். அவரிடம் கேட்க வேண்டியது, நாலரை மணியிலிருந்து எட்டு மணி வரை இவன் எங்கே இருக்கிறான் என்ற ஒன்றைத்தான். அந்த நேரத்துக்கு வீட்டில் ஆள் இல்லை என்றால், தாத்தாவோ அத்தையோ பக்கத்து வீட்டு அண்ணனோ யார் இருக்கிறார்கள் என்று சேர்ந்து யோசியுங்கள். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், அவர் நிதானமாக இருக்கும் காலை நேரத்தில். குடிக்கிற அப்பாக்கள் பலருக்குத் தங்கள் பிள்ளை தங்களைப் போல ஆகிவிடக் கூடாது என்ற பயம் இருக்கிறது. எங்கள் மையத்துக்கு வந்து சேர்கிறவர்களில் சிலர் அந்தப் பயத்தில்தான் வருகிறார்கள். மனநல உதவிக்கு 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது, பிள்ளைகளுக்கான உதவிக்கு 1098. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

கடை விஷயத்திலும் உங்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் மதுக்கடை இருக்கக்கூடாது என்பது மாநில விதி. பள்ளிப் பிள்ளைகள் நடந்து வரும் தூரத்தை வைத்துப் பார்த்தால் 50 மீட்டர் என்பது ஒன்றுமே இல்லை. 2023 ஜூன் 22-இல் 500 கடைகளை மூடினார்கள். எதை மூடுவது என்று பேச்சு வரும்போது பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் ஒன்று ஆட்சியர் அலுவலகக் கோப்பில் இருந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கு வரும் வழியில் கடை இருக்கிறதா, சீருடையில் நிற்பவர்களுக்கு யாராவது வாங்கித் தருகிறார்களா என்று எழுதி, பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். பின்லாந்துக் கணக்கு சொன்னது அதைத்தான்: விற்பனை குறைந்த இடத்தில் பரம்பரையின் பிடியும் தளர்கிறது.

டி.சி. புத்தகத்தை எடுப்பதற்கு முன் அந்த மாணவனுக்காக ஒரு மாத அவகாசம் கொடுங்கள் என்று கேட்கிறேன். அந்த ஒரு மாதத்தில் அவனைத் தினமும் ஒருவர் விசாரிக்கட்டும், அவன் வீட்டுக்கு ஒருமுறை யாராவது போய் வரட்டும். உங்கள் மாவட்டத்தில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் எங்களைப் போன்ற மையங்களிலும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறோம். கூப்பிட்டால் பள்ளிக்கே வருவோம். பையனிடம் பேசுவோம், வேண்டுமானால் அப்பாவிடமும் பேசுவோம்.

இப்படிக்கு,
குடிநோய் சிகிச்சை மையம் ஒன்றில் பணிபுரியும் சமூகப் பணியாளர்